ஐஸ்காரரின் குளிர் அறை

ஐஸ்கிரீம் ஆலை இழுத்து மூடப்பட்ட அன்று, அங்கே வேலை பார்த்த நாற்பத்தாறு பேரில் நாற்பத்தைந்து பேர் கடைசிச் சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஒருவர் மட்டும் சம்பளத்துக்குப் பதிலாக ஒரு லாரி நிறையச் சுவரை ஏற்றிக்கொண்டு போனார்.

சுவர் என்றால் நிஜமாகவே சுவர்தான். இரண்டு தகரத்துக்கு நடுவில் ஒரு சாண் கனத்துக்கு நுரை அடைத்த பலகைகள். ஆலையின் குளிர் கிடங்கைப் பிரித்துப்போட்டபோது வந்தவை. அவற்றோடு ஒரு பழைய கம்ப்ரஸர், இரண்டு விசிறி மோட்டார், தள்ளினால் இழுத்து மூடிக்கொள்ளும் ஒரு கனத்த கதவு. இருபத்திரண்டு வருஷம் அந்தக் கிடங்கு உருகிவிடாமல் பார்த்துக்கொண்ட மெக்கானிக் அவர். ஊரில் அவரை ஐஸ்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

லாரி வீட்டு வாசலில் நின்றதும் அவர் மனைவி வெளியே வந்தார். பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடத்தில் அறுநூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைக்கும் சமையலறை அவர் பொறுப்பில் இருந்தது. எதையும் ஒரு பார்வையில் எடை போட்டுவிடுகிற ஆள். லாரியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"எல்லார் வீட்டுலயும் ஆம்பளைங்க பணம் வாங்கிட்டு வந்திருக்காங்க. நீங்க சுவரை வாங்கிட்டு வந்திருக்கீங்க. வீட்டுக்கு ஏற்கெனவே நாலு சுவர் இருக்குங்க."

"இது அந்த மாதிரி சுவர் இல்ல," என்றார் ஐஸ்காரர். 

உண்மையில் விஷயம் மூன்று வாரம் முன்பே தொடங்கியிருந்தது. ஆலையில் வேலை குறைந்து, மதியத்திலேயே வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்த நாட்கள். சைக்கிளில் சந்தையின் பின்பக்கமாகத் திரும்பியவர், ஒரு பெண் பெட்டியோடு தக்காளியைத் தூக்கிக் குப்பைமேட்டில் கவிழ்ப்பதைப் பார்த்தார். அழுகல் இல்லை. காம்புகூடப் பச்சையாகத்தான் இருந்தது. அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"ஏம்மா, நல்ல பழமாத்தானே இருக்கு?"

"இன்னிக்கு நல்ல பழம்தான் அண்ணே. நாளைக்குக் குழைஞ்சிடும். திருப்பி எடுத்துட்டுப் போலாம்னா, வண்டிக் கூலி பழத்து விலையத் தாண்டுது. வேணும்னா ஒரு பை நிறைய எடுத்துக்குங்க."

அவள் அடுத்த பெட்டியையும் கவிழ்த்தாள். குரலில் அழுகையோ கோபமோ இல்லை. தினமும் செய்கிற வேலையைச் செய்கிறவளின் குரல். அதுதான் ஐஸ்காரரை என்னவோ செய்தது. சந்தையின் முன்வாசலில் அதே நேரம், இரண்டு நாள் பயணத்தில் வந்த குளிர்சாதன லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்து இறங்கிக்கொண்டிருந்ததும் தக்காளிதான். இந்த ஊர்த் தக்காளி பின்வாசல் வழியாகக் குப்பைக்குப் போகிறது, வெளியூர்த் தக்காளி முன்வாசல் வழியாகக் கடைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் குளிர் ஒன்றுதான். குளிர் உண்டாக்குவது அவருக்குத் தெரிந்த ஒரே தொழில்.

இதையெல்லாம் அவர் மனைவியிடம் லாரி வந்த அன்று சாயங்காலம் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடித்தார். மனைவி கேட்டுவிட்டுப் போனில் தன் அண்ணனைக் கூப்பிட்டார். திட்டு வாங்கிக்கொடுக்கத்தான் கூப்பிடுகிறார் என்று ஐஸ்காரர் நினைத்தார்.

மச்சான் லாரி ஓட்டுகிறவர். ஆள் வருவதற்கு முன்னால் சிரிப்பு வந்துவிடும். சந்தைக்கு அடுத்த தெருவில் அவருக்கு ஒரு கொட்டகை சும்மா கிடந்தது. அதில் பழைய டயர்கள் தவிர வேறொன்றும் இல்லை.

"கொட்டகைய எடுத்துக்குங்க மாப்ள," என்றார் மச்சான். "வாடகைய பத்தி வாயத் திறந்தீங்கன்னா எனக்குக் கோவம் வந்துடும். ஆனா ஒண்ணு, வெயில் காலத்துல நான் உள்ள வந்து படுத்துக்குவேன். யாரும் கேக்கக் கூடாது."

டயர்களை வெளியே உருட்டி, தரையைக் கழுவி, பலகைகளைப் பூட்டி, கதவை நிறுத்தி, குழாய்களைப் பற்றவைத்து, கம்ப்ரஸரை ஓடவிட இரண்டு மாதம் ஆனது. முதல் தடவை உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தபோது ஐஸ்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றார். அந்த வாடைக் காற்றை அவர் மூடிய ஆலையோடு இழந்துவிட்டதாக நினைத்திருந்தார்.

ஆனால் ஆள் வரவேண்டுமே. ஒரு பெட்டிக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகையைப் பலகையில் எழுதித் தொங்கவிட்டார். ஒரு மாதம் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. யாரோ ஒருவர் காசு வாங்கிக்கொண்டு காய்கறியைப் பூட்டி வைக்கிறாராம் என்ற அளவில்தான் சந்தையில் பேச்சு இருந்தது. மச்சான் மட்டும் சொன்னபடி வந்து ஒரு மதியம் உள்ளே படுத்தார். பத்தே நிமிஷத்தில் பல் கிடுகிடுக்க எழுந்து ஓடினார்.

கடைசியில் ஐஸ்காரரே சந்தைக்குப் போய் அந்தத் தக்காளிக்காரப் பெண்ணைத் தேடிப் பிடித்தார். மீந்த ஆறு பெட்டியை இலவசமாக வைத்துக்கொள்வதாகச் சொன்னார். போனால் குப்பைக்குத்தானே போகிறது என்று அவளும் கொடுத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து எடுக்க வந்தவள் ஒரு பழத்தை உடைத்து வாயில் போட்டாள். முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, எத்தனை டிகிரில வெச்சீங்க?"

"ரெண்டு," என்றார் அவர் பெருமையோடு. "ஆடாம அசையாம ரெண்டுலயே நின்னுச்சு."

"கொன்னுட்டீங்களே. பாத்தா பழம் மாதிரி இருக்கு, வாயில போட்டா மாவு மாதிரி இருக்கு. இது ஐஸ்கிரீம் இல்லண்ணே. பறிச்ச பெறகும் மூச்சு விட்டுட்டு இருக்குற பொருள்."

அவருக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. இருபத்திரண்டு வருஷம் குளிரோடு குடித்தனம் நடத்தியும், குளிரில் உயிரோடு இருக்கவேண்டிய ஒன்றை அவர் வைத்ததே இல்லை. ஆனால் ரோஷப்படவில்லை. அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்து, டீ வாங்கிக்கொடுத்து, எதற்கு எவ்வளவு குளிர் வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டார். அவளுக்கும் டிகிரிக் கணக்கு தெரியாது. ஆனால் விடியற்காலைக் குளிர் போதும், கிணற்றடிக் குளிர் வேண்டும், கை விறைக்கிற குளிர் ஆகாது என்று அவளால் சொல்ல முடிந்தது. பழுத்த பழத்தைக் கீரைக்குப் பக்கத்தில் வைத்தால் கீரை மஞ்சளாகிவிடும் என்பதும் அவள் சொல்லித்தான் அவருக்குத் தெரியும். அந்த வாரமே அறைக்கு நடுவில் ஒரு பலகையை நிறுத்தி இரண்டாகப் பிரித்தார். ஒரு பக்கம் கீரைக்கும் கேரட்டுக்கும். மறுபக்கம் கொஞ்சம் வெதுவெதுப்பாகத் தக்காளிக்கும் கத்தரிக்கும்.

அடுத்த ஆறு பெட்டி நான்கு நாள் கழித்து, பறித்த அன்று போலவே வெளியே வந்தது. அன்றைக்குச் சந்தையில் தக்காளி வரத்துக் குறைவு. அவள் நல்ல விலைக்கு விற்றுவிட்டு நேரே கொட்டகைக்கு வந்தாள். "நாளைக்கு இருபது பெட்டி கொண்டாரேன்," என்றாள். கூடவே இரண்டு பேரைக் கூட்டிவந்திருந்தாள்.

வைக்க இடம் கிடைத்துவிட்டது. இனி வாங்க ஆள் வேண்டும். தினசரி இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிற இடம் ஒன்று இருந்தால் விவசாயிகள் நிம்மதியாகப் பயிர் வைப்பார்கள். ஐஸ்காரர் தன் மனைவியின் பள்ளிக்கூடச் சமையலறையைத்தான் முதலில் நினைத்தார். வீட்டுக்குள்ளேயே வாடிக்கை இருக்கும்போது வெளியே எதற்கு அலைவானேன்? மனைவியிடம் முன்பே சொல்லிவைத்து, ஒரு திங்கட்கிழமை காலை கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு சிரித்த முகத்தோடு போய் இறங்கினார்.

மனைவி ஒரு கேரட்டை எடுத்துப் பார்த்தார். இன்னொன்றை எடுத்துப் பார்த்தார்.

"இது விரல் மாதிரி இருக்கு, இது முழங்கை மாதிரி இருக்கு. ரெண்டையும் ஒரே பாத்திரத்துல போட்டா ஒண்ணு கரையும், ஒண்ணு வேகாது. மண்ணும் கழுவல. மணி ஏழே முக்கால். நான் ஏழுக்குச் சொன்னேன்."

"நம்ம வீட்டு விஷயம்தானேம்மா..."

"வீடு சாயங்காலம். இங்க எனக்குப் புருஷன் கெடையாது, காய்தான் உண்டு. எடுத்துட்டுப் போங்க."

வந்த வண்டியில் வந்த சரக்கை ஏற்றிக்கொண்டு அவர் திரும்பிப் போனார். அன்று மச்சான் சிரித்த சிரிப்பில் தெருவே திரும்பிப் பார்த்தது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கு, அளவு பிரித்து, கழுவி, தழை கிள்ளிய கேரட் சமையலறை வாசலில் இருந்தது. மனைவி அதையும் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். அந்தக் கெடுபிடிதான் பின்னால் கைகொடுத்தது. அந்த அம்மாவே வாங்குகிறார் என்றால் சரக்கில் குறை இருக்காது என்று ஆஸ்பத்திரிச் சமையலறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். பிறகு ஒரு மாணவர் விடுதி. இரண்டு சின்ன ஓட்டல்கள்.

இரண்டு வருஷத்தில் முப்பத்தொரு விவசாயிகள் அந்த அறையில் காய் வைத்தார்கள். யாரும் ஓஹோவென்று ஆகிவிடவில்லை. ஆனால் மதியம் பன்னிரண்டு மணி ஆனதும் விலையைத் தரையில் போட்டு விற்கவேண்டிய அவசரம் அவர்களுக்கு இல்லாமல் போனது. சந்தையின் பின்பக்கக் குப்பைமேடு இடுப்பளவுக்கு இறங்கியது. குப்பை அள்ள வரும் லாரி ஓட்டுநர், "என்ன, யாரும் விவசாயம் பண்றதில்லையா இப்ப?" என்று விசாரித்தாராம். ஐஸ்காரர் தன் வாழ்க்கையில் கேட்ட மிகப் பெரிய பாராட்டு அதுதான் என்று சொல்லிக்கொள்வார்.

இதில் சங்கடப்பட்டவர் ஒருவர் உண்டு. சந்தையின் மொத்த வியாபாரி. குளிர் லாரியில் வெளியூர்ச் சரக்கு இறக்குகிறவர் அவர்தான். மதியத்துக்கு மேல் உள்ளூர்க் காயை அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவரும் அவர்தான். "ஐஸ் விக்குற ஆளுக்கு காய்கறியப் பத்தி என்ன தெரியும்? ஒரு வெயில் காலம் போகட்டும், பாப்போம்," என்று அவர் சொன்னதாக ஐஸ்காரர் காதுக்கு வந்தது.

மூன்றாவது வெயில் காலம் வந்தது. தார்ச் சாலையில் செருப்பு ஒட்டுகிற வெயில். ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, இருநூற்றுச் சொச்சம் பெட்டிகள் உள்ளே இருக்கும்போது, கம்ப்ரஸர் ஒரு முறை உறுமி, இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

ஐஸ்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். கையை வைத்ததுமே தெரிந்துவிட்டது. உள்ளே இரும்பு இரும்போடு கடித்துக்கொண்டு விட்டது. பழுதுபார்க்கிற விஷயமே இல்லை. வேறு கம்ப்ரஸர் வேண்டும். புதியது வர பத்து நாள் ஆகும்.  ஆலையில் இருந்தபோதும் இயந்திரங்கள் நின்றிருக்கின்றன. அப்போது நஷ்டம் முதலாளிக்கு. இப்போது உள்ளே இருப்பது முப்பத்தொரு குடும்பத்தின் ஒரு வார உழைப்பு.

கதவைத் திறக்காமல் வைத்தால் எட்டு மணி நேரம் குளிர் தாங்கும். யாருக்கும் சொல்லாமல் சாயங்காலம் வரை தேடினால் எங்காவது ஒரு பழைய கம்ப்ரஸர் கிடைத்துவிடாதா என்று மனசு கணக்குப் போட்டது. கிடைத்துவிட்டால் ஒருவருக்கும் தெரியவேண்டியதே இல்லை. அவர் மச்சானுக்குப் போன் போட்டுத் தேடச் சொன்னார். பிறகு மனைவிக்குப் போன் போட்டார்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி ஒரே வார்த்தைதான் சொன்னார். "சொல்லிடுங்க."

"சாயங்காலத்துக்குள்ள கெடைச்சுட்டா..."

"கெடைக்கலைன்னா? சாயங்காலம் ஆறு மணிக்குச் சொன்னா அவங்களால என்ன பண்ண முடியும்? இப்பச் சொன்னா எட்டு மணி நேரம் இருக்கு. அது அவங்களோட எட்டு மணி நேரம்ங்க. நம்மளது இல்ல."

அவர் முப்பத்தொரு பேருக்கும் போன் போட்டார். பாதிப் பேர் சந்தையிலேயே இருந்தார்கள். பதினொரு மணிக்குள் கொட்டகை வாசலில் கூட்டம் கூடிவிட்டது. அவர் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். தன் பக்கத்துப் பிழையையும் சொன்னார். இன்னொரு கம்ப்ரஸர் வாங்கி வைத்திருக்கவேண்டும், அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்துவிட்டேன் என்றார். சொல்லி முடித்துவிட்டு, வருகிறது வரட்டும் என்று நின்றார்.

முதலில் வாயைத் திறந்தவர் கேரட் விளைவிக்கிற ஒருவர். "இதுக்குத்தான் காசு வாங்கினீங்களா? நம்பி வெச்சோம்ல? நம்ப வெச்சுக் கழுத்த அறுத்துட்டீங்க." இன்னும் நிறையச் சொன்னார். பாதி நியாயம், பாதி ஆத்திரம். தன் பெட்டிகளை அப்போதே எடுக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். கதவு திறந்தது. பதினேழு பெட்டியை ஏற்றிக்கொண்டு போனவர் அதோடு அந்தப் பக்கம் வரவே இல்லை. இன்றைக்கும் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஐஸ்காரர் அவரைக் குறை சொன்னதில்லை.

கதவு மூடியதும் தக்காளிக்காரப் பெண் முன்னால் வந்தாள்.

"இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும்ணே?"

"இப்பத் திறந்ததுல அரை மணி நேரம் போச்சு. அஞ்சு மணி வரைக்கும் தாங்கும்."

"சரி. கீரைதான் முதல்ல போகும். அத இப்பவே வித்துடலாம். கேரட்டு, முட்டைக்கோஸு தாங்கும். தக்காளிக்குத்தான் வழி பாக்கணும்." திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "நின்னுட்டே இருந்தா குளிர் வந்துடுமா? ஆளுக்கொரு வேலையப் பாருங்க."

பிறகு நடந்ததெல்லாம் ஐஸ்காரருக்குக் கோவையாக நினைவில்லை. துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ ஈரச் சாக்கைக் கதவிடுக்கில் திணித்தார்கள். யாரோ கீரைக் கட்டுகளைத் தள்ளுவண்டியில் போட்டுத் தெருத் தெருவாகக் கூவிக்கொண்டு போனார்கள். மனைவி பள்ளிக்கூட முதல்வரிடம் பேசி, சனிக்கிழமை விடுமுறையிலும் சமையலறையைத் திறக்க அனுமதி வாங்கிவிட்டார். நாற்பது பெட்டித் தக்காளி அங்கே போனது. ஆஸ்பத்திரிச் சமையலறை ஒரு வாரத்துக் கேரட்டை ஒரே நாளில் எடுத்துக்கொண்டது.

மதியம் இரண்டு மணிக்கு வாசலில் ஒரு குளிர் லாரி வந்து நின்றது. மொத்த வியாபாரி இறங்கினார்.  பார்த்துச் சிரிக்க வந்திருக்கிறார் என்றுதான் ஐஸ்காரர் நினைத்தார்.

"வண்டி திங்கக்கிழமை வரைக்கும் சும்மாதான் நிக்குது," என்றார் வியாபாரி, யார் முகத்தையும் பார்க்காமல். "டீசல் மட்டும் போட்டுக்குங்க. எழுபது பெட்டி பிடிக்கும்."

ஐஸ்காரர் லாரியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க... எதுக்குங்க?"

"எதுக்குன்னா? ரெண்டு வருஷமா நானும் இங்கேருந்துதான் நல்ல சரக்கா வாங்குறேன், ஆள் வெச்சு. உங்களுக்குத் தெரியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வெளியூர் வண்டிக்கு டீசல் போட்டுக் கட்டுப்படியாகல. நீங்க கடைய மூடிட்டா நான் எங்க போறது? ஏத்துங்க, வெயில் ஏறுது."

இரவல் கொடுக்க வந்தவரே மேல்சட்டையைக் கழற்றிவிட்டுப் பெட்டி தூக்க நின்றதைப் பார்த்து, தக்காளிக்காரப் பெண் அவர் கையில் இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க எண்ணுங்க, போதும்," என்றாள்.

மச்சான் சனிக்கிழமை காலையில்தான் வந்தார். ஆறு மணி நேரப் பயணத்தில் ஒரு துறைமுக ஊரில், மூடிக்கிடந்த மீன் கிடங்கில், ஓடுகிற நிலையில் ஒரு கம்ப்ரஸரைக் கண்டுபிடித்திருந்தார். அதற்கு முன்னாலேயே மீன் நாற்றம் வந்து சேர்ந்தது. "மாப்ள, இதுகூட ஆறு மணி நேரம் குடித்தனம் பண்ணிருக்கேன். உங்க தங்கச்சி இனிமே என்னை வீட்டுக்குள்ள சேத்துக்க மாட்டா," என்றார் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். நேற்றுக் காலையிலிருந்து அங்கே கேட்ட முதல் சிரிப்பு அது.

ஐஸ்காரர் அதைப் பூட்டிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது பேர் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தார்கள். விவசாயிகள், அவர்கள் மனைவிமார், புருஷன்மார், விடுதிச் சமையல்காரர் ஒருவர். பெரிய பாத்திரங்களில் தக்காளி கொதித்துச் சுண்டி, பாட்டில்களில் அடைபட்டது. மனைவி வாசலில் நின்று, கை கழுவாத ஒருவரையும் உள்ளே விடவில்லை. மொத்த வியாபாரியையும் திருப்பி அனுப்பிக் கழுவிவிட்டு வரச் சொன்னார் என்பது பிறகு ஊரெல்லாம் பேசப்பட்டது.

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு மறுபடியும் குளிர் காற்று வந்தது. எல்லாம் போக, அழிந்தது பதினொரு பெட்டி.

திங்கட்கிழமை அவர் எல்லோரையும் கூப்பிட்டு, அந்தப் பதினொரு பெட்டிக்கும் தானே பொறுப்பு என்றார். தக்காளிக்காரப் பெண் தலையை ஆட்டினாள்.

"அது வேணாம்ணே. நேத்து நாங்க பேசிட்டோம். எங்களுக்கு ரெண்டாவது கம்ப்ரஸர்தான் வேணும். ஒண்ணு நின்னா ஒண்ணு ஓடணும். அதுக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடுறோம். ஆனா போட்ட பெறகு இது உங்க அறையா மட்டும் இருக்காது. எங்களுக்கும் பங்கு வேணும். என்ன பண்றதுன்னு சேந்து பேசணும்."

அவருக்குச் சுருக்கென்றது. தன் கையால் பூட்டிய ஒவ்வொரு பலகையும் கண்முன் வந்தது. ஆலையில் இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சொத்தைக் காத்துவிட்டு, இப்போதுதான் தன்னுடையது என்று ஒன்று வந்திருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தார். எதிரே பார்த்தார். முந்தாநாள் தக்காளி நறுக்கிய விரல்களில் இன்னும் துணிக்கட்டு இருந்தது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு, போய்த் தொலையட்டும் என்று அவரவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இவர்களும் போயிருக்கலாம். போயிருந்தால் இப்போது அறையும் இல்லை, பேச்சும் இல்லை.

"சரிம்மா," என்றார். "ஆனா குளிர் எத்தனைன்னு மட்டும் நான்தான் சொல்வேன்."

"தக்காளிக்கு நான் சொல்வேன்," என்றாள் அவள்.

அதெல்லாம் நடந்து ஒன்பது வருஷமாகிறது. இப்போது கொட்டகைக் கூரை மேல் சூரியத் தகடுகள் இருக்கின்றன. வெயில் எவ்வளவு காய்கிறதோ அவ்வளவு குளிர். மொத்த வியாபாரியும் ஒரு பங்காளி. கூட்டத்துக்கு எப்போதும் தாமதமாக வருவார், சண்டை போடுவார், அடுத்த கூட்டத்துக்கும் வருவார். பாட்டில் தக்காளி ஒரு தனி வேலையாகி ஆறு பெண்கள் அதில் இருக்கிறார்கள். பக்கத்து ஊர்கள் இரண்டில் இதே மாதிரி அறை போட ஐஸ்காரரே போய் நின்று குழாய் பற்றவைத்துக் கொடுத்தார்.

போன மாதம் அவருக்குப் பித்தப்பைக் கல் அறுவைச் சிகிச்சை. மூன்றாம் நாள்தான் வாயால் சாப்பிடச் சொன்னார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கிண்ணம் காய்கறி சூப் வந்தது. மனைவி தலையணையை முதுகுக்கு அணை கொடுத்துவிட்டு, ஸ்பூனைக் கையில் கொடுத்தார். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு நிறுத்தினார்.

"என்னங்க, வலிக்குதா?"

"இல்ல." கிண்ணத்துக்குள் பார்த்தார். "இந்த பீன்ஸு வாய்க்கால் ஓரத்து அண்ணன் தம்பிங்களோடது. அவங்கதான் இவ்வளவு பொடிசா இருக்கும்போதே பறிப்பாங்க. முட்டைக்கோஸு, காது கேக்காத பெரியவர் வயலு. தக்காளி..."

"தக்காளி யாருதுன்னு எனக்குத் தெரியும். குடிங்க."

பக்கத்துக் கட்டிலில் காலில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவர் வேறு ஊர்க்காரர். இரண்டு நாளாக இவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர். "ஏங்க," என்றார் மெல்ல, "சூப்புல மெதக்குற காயெல்லாம் உங்களுக்குச் சொந்தக்காரங்களா?"

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஐஸ்காரருக்கும் வந்தது. சிரித்தால் தையல் வலிக்கும் என்பதால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க," என்றார். "எல்லாம் எனக்கு ஒருகாலத்துல ஒத்தாசைக்கு வந்தவங்க."  அந்த மனிதர் புரிந்தும் புரியாமலும் தலையசைத்துவிட்டுத் தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டார்.

"உப்பு ஒரு கல்லு கம்மி," என்றார் மனைவி, ஒரு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டு. "சமையக்காரர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீங்க ஆறதுக்குள்ள குடிங்க."

அவர் அடிவரை குடித்தார்.